ஒரு சொட்டு வராது

உள்ள ஏறி உக்காருங்க தம்பி. மழையில நின்னு என்னத்தப் பாக்கப் போறீங்க. கதவ நல்லா இழுத்துச் சாத்துங்க, ரெண்டாவது தடவைதான் பிடிக்கும். ஆங். இப்ப மேல பாருங்க. கையை வச்சுத் தடவியே பாருங்க. கண்ணாடிக்கு மேல, மூலையில, தகடும் தகடும் சேர்ற எடத்துல. ஒரு சொட்டு இருக்கா? இருவத்தாறு வருசத்து ஜீப்பு தம்பி இது. மலையடியில இருக்கிற இந்த முந்தல் ஊர்ல எப்பவும் வெறும் சாரல்தான், இன்னிக்கு அதிசயமா ஊத்துது. அதுவும் நல்லதுக்குத்தான். உங்களுக்கு நான் வாயால சொல்ல வேண்டியதில்ல, மழையே காட்டிக் குடுத்துருச்சு.

கால்ல ஈரமா இருக்கா? அது நீங்க கொண்டுவந்த தண்ணி. பூட்ஸ்ல வந்தது.

கோயம்புத்தூர்லருந்து இம்புட்டுத் தூரம் வந்திருக்கீங்க. காட்டுலயும் மேட்டுலயும் வண்டி ஏத்தி விளையாடுற செட்டு ஒண்ணு இருக்கு, அதுக்குத்தான் பழைய ஜீப்பு தேடுறோம்னு போன்ல சொன்னீங்க. எங்களுக்கு அது பொழப்பு, உங்களுக்கு ஞாயித்துக்கெழம. இருக்கட்டும், நான் கொறையாச் சொல்லல.

ஆனா வந்ததும் வராததுமா நீங்க குனிஞ்சு இந்த ரப்பர் ஷீட்டுல கை வச்சீங்க. நான் வேணாம்னு சொன்னதும் உங்க மொகம் மாறிப்போச்சு. பெருசு எதையோ ஒளிக்குதுன்னு நெனச்சிருப்பீங்க. ஒளிக்கல தம்பி. தூக்கத்தான் போறோம். தரையைக் காட்டாம இந்த வண்டிய யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு எம் மக சுகந்தி சொல்லியிருக்கா. காட்டுன அன்னிக்கு அவளுக்குப் போன் போடணும். போட்டா அவங்கம்மா தெவசத்துக்கு வருவா. போடாட்டி வரமாட்டா. வர்ற வியாழக்கெழம தெவசம். மொத வருசம். மக இல்லாம நான் ஒருத்தனா எலை போட்டு யாருக்குப் படைக்க?

உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரு வந்தாங்க. ரெண்டு பேரையும் ஷீட்டத் தூக்கவிடாமப் பேசியே அனுப்பிட்டேன். உங்களை அனுப்ப மாட்டேன். மொதல்ல நான் சொல்றதக் கேளுங்க, அப்புறம் தூக்குவோம்.

எம் பேரு தவசி. முப்பது வருசமா போடி ஸ்டாண்டுல ஜீப்பு ஓட்டுனேன். காலையில ஆறு மணிக்குப் பொம்பளைங்களை ஏத்திக்கிட்டு, பதினேழு கொண்டை ஊசி ஏறி, மலை உச்சி மெட்டத் தாண்டி, அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்துல எறக்கிவிடணும். சாயங்காலம் திரும்பக் கூட்டிட்டு வரணும். இந்தப் பக்கம் வெயில் அடிக்கும், மெட்டத் தாண்டுனா கொட்டோ கொட்டுன்னு கொட்டும். ஆனி, ஆடி, ஆவணி மூணு மாசமும் அப்படித்தான். எம் பொண்டாட்டி பவுன்தாயும் அந்தப் பொம்பளைங்களோட காய் எடுக்கப் போறவதான். இந்த வண்டியிலதான் வருவா. எனக்குப் பக்கத்துச் சீட்டுல இல்ல. அது கங்காணிக்கு. இவ பின்னாடி கடைசியில உக்காருவா. எல்லாரையும் ஏத்தி, தலையை எண்ணி, கதவச் சாத்தி, ரெண்டு தட்டு தட்டுவா. அதுக்கப்புறந்தான் நான் கியரப் போடுவேன்.

அஞ்சாறு வருசத்துக்கு முன்னாடி இந்த வண்டியப் பழசா வாங்குனப்ப சல்லடை மாதிரி ஒழுகும் தம்பி. சொன்னா நம்ப மாட்டீங்க. பொம்பளைங்க உள்ள கொடை பிடிச்சுக்கிட்டு வருவாங்க. ஸ்டாண்டுல செபஸ்தின்னு ஒருத்தன், எனக்கு அடுத்த வண்டிக்காரன், அவன்தான் பேரு வச்சான். பன்னீர்ச்செம்பு. கல்யாண வீட்டு வாசல்ல நின்னு தெளிப்பாங்கள்ல, அது. நான் ஸ்டாண்டுக்குள்ள திரும்புனாலே போதும், 'பன்னீர்ச்செம்பு வருதுடா, எல்லாரும் மொகத்தைக் காட்டுங்க'ம்பான். டீக்கடையில நிக்கிற அத்தன பேரும் சிரிப்பானுக. ஒரு நா, ரெண்டு நா இல்ல, நாலு வருசம். எம் பேரே போச்சு. தவசி ஜீப்புன்னு கேட்டா எவனுக்கும் தெரியாது, பன்னீர்ச்செம்புன்னா சின்னப்புள்ள கூடக் கை காட்டும்.

அதுக்கப்புறந்தான் நான் வெறி பிடிச்ச மாதிரி எறங்குனேன். ஒழுகல அடைக்கிறது லேசுப்பட்ட வேலை இல்ல தம்பி. நீங்க பழைய வண்டி வச்சிருக்கிற ஆளு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தண்ணி நுழையிற எடம் ஒண்ணா இருக்கும், சொட்டுற எடம் வேறயா இருக்கும். கண்ணாடி ஃப்ரேமு கீல்கிட்ட உள்ள வரும், தகட்டுக்குள்ளயே ஓடி, பின் சீட்டு ஆளு தலையில போய் விழும். சொட்டுற எடத்துல எம்புட்டுப் பேஸ்டு அப்புனாலும் நிக்காது. வந்த வழியப் பிடிக்கணும்.

அந்த வழியப் பிடிக்கிறதுக்கு எனக்கும் பவுன்தாய்க்கும் ஒரு முறை இருந்துச்சு. ஞாயித்துக்கெழம நான் மேல ஏறி நின்னு கொடங்கொடமா ஊத்துவேன். அவ உள்ள உக்காந்து, எங்க மொதல்ல கசியுதோ அங்க சாக்பீஸால கோடு போடுவா. மேலருந்து நான் கத்துவேன், வந்துச்சான்னு. வரலம்பா. ஊத்துவேன். வந்துச்சாம்பேன். வந்துச்சும்பா. எறங்கிப் போய்ப் பாத்தா கோடு போட்ட எடம் கரெக்டா இருக்கும், அவ தொப்புத்தொப்புன்னு நனைஞ்சு உக்காந்திருப்பா. ஒரு கோடை பூரா இப்படி. பழைய பீடிங்கைப் பிடுங்கி எறிஞ்சுட்டுப் புது ரப்பர் போட்டேன். இணைப்பு பூராவும் தார் காய்ச்சி ஊத்துனேன். கீலைக் கழட்டி உள்ள தோல் வச்சு முறுக்குனேன். அந்த ஆனி மாசம் மொத மழைக்கு மெட்டத் தாண்டுனோம் பாருங்க, கொட்டுது, உள்ள ஒரு சொட்டு இல்ல. பொம்பளைங்க கை தட்டுனாங்க தம்பி. நான் கண்ணாடி வழியாப் பின்னாடி பாத்தேன். பவுன்தாய் என்னையப் பாத்துச் சிரிச்சா. அந்தச் சிரிப்பு இப்பவும் எனக்குள்ள இருக்கு.

செபஸ்தி விட்டானா? தோட்டத்து ரோட்டுல ஒரு ஓடை குறுக்க போகும். முழங்கால் தண்ணி. அதுல எறங்குனா, தரைத் தகட்டுல ஆறு ஓட்டை இருக்கும் பாருங்க, வண்டியக் கழுவுனா தண்ணி வெளிய போறதுக்குன்னு கம்பெனியிலயே விட்டது, அது வழியாத் தண்ணி மேல பீச்சும். ஒரு நா கங்காணி வேட்டியில பீச்சிருச்சு. அவரு ஸ்டாண்டுல வந்து சொல்லப்போக, செபஸ்தி, 'மேல அடைச்சதும் செம்பு கீழ திரும்பிக்கிச்சு'ன்னான். மறுபடி சிரிப்பு.

அன்னிக்கே மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி மருந்து பாட்டில் ரப்பர் மூடி இருக்கும்ல, கெட்டியா, அதைக் கம்பவுண்டர்கிட்ட ஒரு கை அள்ளிக்கிட்டு வந்தேன். வண்டிக்கு அடியில படுத்து ஆறு ஓட்டையிலயும் கீழருந்து தட்டி ஏத்துனேன். அளவெடுத்துச் செஞ்ச மாதிரி உக்காந்துச்சு. அதுக்கு மேல மில்லுல கழிச்ச பெல்ட் ரப்பர் வாங்கி விரிச்சு, எட்டு ஸ்க்ரூ போட்டு முறுக்குனேன். இந்தா உங்க கால் இருக்கே, அதே ஷீட்டுதான். மேலயும் வராது, கீழயும் வராது. செபஸ்தி வாய அடைச்சாச்சுன்னு நெனச்சேன்.

போன வருசம் ஆடியிலதான் பவுன்தாய் ஆரம்பிச்சா. என்னங்க, கால்கிட்ட தண்ணி நிக்குதுன்னா. எங்கடி நிக்குது, மேல பாரு, சொட்டு இருக்கான்னேன். மேல இல்லங்க, கீழன்னா. மேல வராம கீழ எப்படி நிக்கும்? நீங்களே சொல்லுங்க. பொம்பளைங்க பன்னெண்டு பேரு நனைஞ்ச சேலையும் பிளாஸ்டிக் தாளுமா ஏறுவாங்க, கொஞ்சம் வடியத்தான் செய்யும். அதெல்லாம் ஒழுகலா? ஏத்தத்துல போறப்ப வடிஞ்சது பூராம் பின்னாடி அவ காலுக்கு ஓடி வந்துருக்கும், அதைத்தான் சொல்றான்னு விட்டுட்டேன். கால் வெரல் இடுக்கெல்லாம் சேத்துப்புண்ணு வந்து வெந்து கெடந்துச்சு. காய் எடுக்குற பொம்பளைங்க எல்லாருக்கும் வர்றதுதானே. ராத்திரி வேப்பெண்ணெய் போட்டுக்குவா.

இன்னொரு தடவ, ஷீட்டுக்கு அடியில நாத்தம் அடிக்குதுங்கன்னா. அது எலி. கங்காணி சீட்டுப் பஞ்சுக்குள்ள எலி குட்டி போட்டிருந்துச்சு. பொம்பளைங்க தூக்குவாளியில மிஞ்சுன சோத்தக் கீழ சிந்துவாங்க, வராம என்ன செய்யும். பொறி வச்சு ரெண்டப் பிடிச்சேன். அதையும் அவகிட்டக் காட்டுனேன், நாத்தத்தப் பிடிச்சுட்டேன் பாருன்னு. மறுநாள் விடியக்காலம் எந்திரிச்சுப் பாத்தா, வண்டிக்குள்ள குனிஞ்சு ஷீட்டு ஓரத்த நெம்பிக் கையவிட்டு வழிச்சுக்கிட்டு இருக்கா. தண்ணிய டம்ளர்ல அள்ளி வெளிய ஊத்துறா. எனக்கு வந்துச்சு கோவம். அந்த நேரத்துக்கு எதுத்த வீட்டுல பால் கறக்குறாங்க, நாலு பேரு பாக்குற எடம். அள்ளுறா பாரு பன்னீர்ச்செம்புன்னு ஸ்டாண்டு வரைக்கும் போயிரும்ல? உள்ள போடின்னு சொன்னேன். போயிட்டா.

அதுக்கப்புறம் ஒரு கூத்து நடந்துச்சு. ஓடையில எறங்குறப்ப ஷீட்டு ஓரமா மறுபடி தண்ணி பீச்சுச்சு. வண்டிக்கு அடியில குனிஞ்சு பாத்தா பின்னாடி ரெண்டு மூடியக் காணோம். புதுசு போட்டேன். ரெண்டு நாள்ல மறுபடி காணோம். மறுபடி போட்டேன். மறுபடி இல்ல. தானா விழுகுற சாமான் இல்ல தம்பி அது, சுத்தியல் வச்சு அடிச்சது. யாரோ புடுங்குறாங்க. யாரு புடுங்குவா? செபஸ்தியத் தவிர யாருக்கு அந்த வயிறு எரியும்? ஸ்டாண்டுல வச்சுச் சட்டையப் பிடிச்சுட்டேன். அவன் அந்தோணியார் மேல சத்தியம் பண்ணான். பண்ணுவான், பண்ணாம என்ன. சட்டை கிழிஞ்சுபோச்சு, சங்கத்துல கூப்பிட்டு எனக்கு ரெண்டு நாள் வண்டி எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. வீட்டுல வந்து சொன்னேன். பவுன்தாய் சோறு போட்டுக்கிட்டு இருந்தவ அப்படியே கரண்டியக் கையில வச்சுக்கிட்டு நின்னா. அந்தண்ணன் எடுத்திருக்க மாட்டாருங்கன்னா. நீ யாரு பக்கம்டின்னு கேட்டேன். அவ சோத்தப் போட்டா.

ஆவணி பொறந்ததும் அவளுக்குக் காய்ச்சல் கண்டுச்சு. ரெண்டு நாள் காய்ச்சலோடயே வேலைக்கு வந்தா. கெண்டைக்கால் குத்துது, ஏற முடியலன்னா. மூணா நாளு சுகந்தி உத்தமபாளையத்துலருந்து வந்து, ஆட்டோ வச்சு, டவுன்ல ஒரு டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போனா. நானும் போனேன். சின்ன ரூமு, கதவு கெடையாது, ஒரு தெரைத்துணி. வெளிய பெஞ்சுல யாரு உக்காந்திருக்காங்கிறீங்க? செபஸ்தி. பேத்திக்கு இருமல்னு வந்திருக்கான்.

அந்தம்மா பவுன்தாய் கண்ண விரிச்சுப் பாத்துச்சு. காலப் பாத்துச்சு. அந்த வெரல் இடுக்கு புண்ணை ரொம்ப நேரம் பாத்துச்சு. அப்புறம் கேட்டுச்சு:

"எலி நடமாடுற எடத்துல, தேங்குன தண்ணியில கால் வச்சுக்கிட்டு இருந்தாங்களா? வீட்டுல, வேலையில, வண்டியில, எங்கயாச்சும்?"

தெரைத்துணிக்கு அந்தப் பக்கம் அவன் இருக்கான் தம்பி. காதத் தீட்டிக்கிட்டு இருக்கான். நாலு வருசம். எம்புட்டுத் தாரு, எம்புட்டு ரப்பரு, எம்புட்டு ஞாயித்துக்கெழம. நான் கொஞ்சம் சத்தமாவே சொன்னேன்:

"எங்க வண்டியில ஒரு சொட்டுத் தண்ணி வராதும்மா. எலியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

சுகந்தி என்னையப் பாத்தா. அப்புறம் அவங்கம்மாவப் பாத்தா. அம்மா, நீ சொல்லும்மான்னா. டாக்டரம்மாவும் பேனாவப் பிடிச்சுக்கிட்டு அவளத்தான் பாக்குது. பவுன்தாய் கூரையப் பாத்துக்கிட்டுப் படுத்திருந்தா. கண்ண எடுக்காமலே சொன்னா:

"அவரு சொல்றதுதான்."

முப்பது வருசத்துல அவ என்னைய நாலு பேரு முன்னாடி விட்டுக்குடுத்ததே இல்ல. அன்னிக்கும் விட்டுக்குடுக்கல. எனக்கு நெஞ்சு நெறைஞ்சுபோச்சு, உள்ளதச் சொல்றேன்.

அந்தம்மா காய்ச்சலுக்கு மாத்திரை எழுதிக் குடுத்துச்சு. ரத்தம் எடுத்துப் பாக்கணும், கண்ணு மஞ்சளாச்சுன்னாலோ ஒண்ணுக்குக் கொறைஞ்சாலோ ஒடனே பெரியாஸ்பத்திரிக்கு ஓடணும்னு ரெண்டு தடவ சொல்லுச்சு. சுகந்தி புள்ளைக்குப் பரீட்சைன்னு ஊருக்குப் போயிட்டா. மறுநா பவுன்தாய் கண்ணு மஞ்சப் பூத்துருச்சு. மஞ்சக்காமாலைதானேன்னு நான் கீழாநெல்லி அரைச்சுக் குடுக்குற ஆளுகிட்டக் கூட்டிட்டுப் போனேன். இந்த வண்டியிலதான். படுக்க முடியலன்னு கடைசிச் சீட்டுலயே சாஞ்சு உக்காந்துக்கிட்டா. மூணு நாள் அந்த மருந்து. நாலா நாளு ஒண்ணுக்கே போகல. அப்புறம் பெரியாஸ்பத்திரி. போனதும் சொல்லிட்டாங்க, எலிக்காய்ச்சல், கிட்னி ரெண்டும் நின்னுபோச்சு, இத்தன நாள் என்ன செஞ்சீங்கன்னு. ரெண்டு ராத்திரி இருந்தா. பேச்சு இல்ல. மூணா நாள் காலையில போயிட்டா. மெட்டுல அன்னிக்கும் மழைதான்னு சொன்னாங்க.

என்னால அழ முடியல தம்பி. இப்பவும் முடியல. அவ போயிட்டாங்கிறது தெரியுது, ஆனா காலையில ஆறு மணிக்கு ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு அந்த ரெண்டு தட்டுக்குக் காத்துக்கிட்டு இருக்கேன். தட்டாம நான் எப்படிக் கியரப் போட? அதான் ஓட்டுறத விட்டேன்.

ஆஸ்பத்திரியில நர்சம்மா அவ சாமான ஒரு பையில போட்டுக் குடுத்துச்சு. தோடு, கண்ணாடி வளையல், இடுப்புச் சுருக்குப்பை. பைக்குள்ள வெத்தலையும் சில்லறையும் இருக்கும்னு நெனச்சு அவுத்தேன். ரப்பர் மூடி. பதினோரு மூடி. இந்தா, சட்டைப் பையிலதான் வச்சிருக்கேன், பாருங்க. ஒவ்வொண்ணுலயும் சுத்தியல் தடம் இருக்கு, எங்கையால அடிச்சதுதான்.

நான் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். அவ எதுக்கு இதப் புடுங்கணும்? என் வண்டி ஒழுகணும்னு அவ நெனப்பாளா? கொடங்கொடமா நான் ஊத்துனப்ப உள்ள உக்காந்து நனைஞ்சவ அவதானே. ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல, இந்த மூடிய எடுத்துருங்கன்னு. சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?

செபஸ்தி எழவுக்கு வந்தான். கடைசி வரைக்கும் நின்னு, பந்தக்கால் புடுங்கிட்டுத்தான் போனான். மூடி விசயத்த நான் அவங்கிட்டச் சொல்லல. பேரு வச்சவன் அவன்தானே? அவன் பேரு வைக்கலன்னா நான் அடைச்சிருப்பனா?

கருமாதி முடிஞ்ச அன்னிக்கு சுகந்திகிட்ட மூடியக் காட்டுனேன். உங்கம்மா செஞ்ச வேலையப் பாருன்னேன். அவ கையில வாங்கி ஒவ்வொண்ணா எண்ணுனா. எண்ணி முடிச்சுட்டு, 'அப்பா, அந்த ஷீட்ட ஒரு தடவையாச்சும் தூக்கிப் பாத்தீங்களா'ன்னு கேட்டா. எதுக்குத் தூக்கணும், மேல ஒரு சொட்டு வரலையேன்னேன். அவ எந்திரிச்சு செருப்பப் போட்டுக்கிட்டுப் போனவதான். வருசம் ஓடிப்போச்சு. போன மாசம் நானா போன் போட்டு தெவசத்தச் சொன்னேன். அப்பத்தான் அந்தக் கண்டிசன். வாங்க வர்றவங்களுக்குத் தரையைக் காட்டிட்டுப் போன் போடுங்கன்னு.

பவுன்தாய் போனதுக்கப்புறம் ஆறு ஓட்டையையும் மறுபடி அடைச்சுட்டேன் தம்பி. வெள்ளிக்கெழம தவறாம உள்ளயும் வெளியயும் கழுவிச் சந்தனம் வைக்கிறேன். வண்டி ஓடலன்னாலும் சுத்தமா இருக்கணும்ல.

என்ன, காலை மாத்தி மாத்தி வைக்கிறீங்க? அழுத்துனா சளக்குன்னு சத்தம் கேக்குதா? எனக்கும் கேக்கும். ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் கேக்கும். அப்பல்லாம் நான் அண்ணாந்து பாத்துக்குவேன். மேல காஞ்சு கெடக்கும். மனசு கொஞ்சம் அடங்கும்.

சரி, நேரமாச்சு. உங்களுக்கும் போகணும். இந்தாங்க திருப்புளி. எட்டு ஸ்க்ரூ. பின்னாடி கடைசிச் சீட்டுக்குக் கீழருந்து ஆரம்பிங்க, அவ கால் வச்ச எடம். மொதல்ல நாத்தம் வரும், மூக்கப் பொத்திக்கங்க. வெலையெல்லாம் அப்புறம் பேசுவோம், வேணாம்னு நீங்க எறங்கிப் போனாலும் சரிதான்.

இது என் போனு. மொத நம்பர் சுகந்தி. நீங்க தூக்கிப் பாத்துட்டு, என்ன பாத்தீங்களோ அதை அவகிட்டச் சொல்லிருங்க. எங்கிட்டச் சொல்ல வேணாம். நீங்க கீழ பாருங்க தம்பி. நான் மேல பாத்துக்கிட்டு இருக்கேன்.